கரவன் வண்டிகளின் இரவுத் தரிப்பிடம் ஊர்ச் சங்கங்களின் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வடமாகாணச் சுற்றுலா பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் தங்குவிடுதிகளையும் படகுச் சேவைகளையும் விமானப் போக்குவரத்தையுமே பேசுகின்றன. அவற்றினிடையே, எவருடைய கண்ணிலும் அதிகம் படாத ஒரு வழக்கம் வன்னிக் கரையோரத்தில் மெல்லத் தலைகாட்டியிருக்கிறது. படுக்கை, சமையலடுப்பு, கழிப்பறை ஆகியவற்றை உள்ளேயே பொருத்திய கரவன் வண்டியில் நண்பர்கள் நாலைந்து பேராகக் கூடி, விரும்பிய கரையில் நிறுத்தி, அங்கேயே சமைத்து உறங்கிச் செல்லும் பயணத்தையே குறிப்பிடுகிறேன். பாடசாலைக் கால நண்பர்களுடன் அவ்வாறான வண்டி ஒன்றில் கொக்கிளாயிலிருந்து தலைமன்னார் வரை அண்மையில் சென்றுவந்தேன். இவ்வண்டிகள் பெருகுவதற்கு முன்பாகவே, அவை இரவில் தரிக்கும் இடங்களை அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் அமைத்துவிட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

எங்கள் வண்டி வெளிநாட்டிலிருந்து இறக்கிய சொகுசு வாகனமன்று. கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் நண்பர் தமது பழைய மினிபஸ்ஸின் இருக்கைகளைக் கழற்றி, அந்த மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறையாகப் பதிந்து, பலகைக் கட்டில்களும் கூரைமேல் சூரிய மின்தகடும் 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கியும் வைத்து ஒப்பேற்றிய வண்டி அது. 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரி முழுதாக ஏறினால் ஏறத்தாழ 1200 வாற்று-மணி மின்சாரம் தரும். சிறிய குளிர்பெட்டிக்கும் இரண்டு மின்விசிறிகளுக்கும் ஓர் இரவுக்கு அது தாராளம். ஆனால் வன்னி வெயிலில் ஒரு சங்கடம் உண்டு. மின்தகடு வேலைசெய்ய வண்டி வெயிலில் நிற்க வேண்டும். மனிதர் உள்ளே இருக்க வண்டி நிழலில் நிற்க வேண்டும். புளியமரத்தடியில் விட்டால் பற்றரி ஏறாது, வெளியில் விட்டால் மத்தியானத்தில் உள்ளே இருக்க ஏலாது. தென்னைக்குக் கீழே விடுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இக்கரையோரத்தின் தனிச்சிறப்பு, ஒரே நாளில் இரு பக்கக் கடலையும் பார்த்துவிடலாம் என்பதாகும். முல்லைத்தீவுக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்துவிட்டுப் புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் என்று ஏ35 வீதியில் வந்து, பூநகரியைக் கடந்து, நாச்சிக்குடாவில் அதே சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க முடியும். கிழக்குக் கரை அலையும் ஆழமுமாக இருக்க, மேற்குக் கரை கண்டலும் சேறும் முழங்காலளவு நீருமாக அமைதியாகக் கிடக்கிறது. கரையைத் தொட்டுக்கொண்டே முழுத் தூரமும் வண்டி ஓட்ட முடியாது. மாத்தளன், சாலை ஆகிய ஊர்களுக்கு அப்பால் நீரேரிகள் வழிமறிப்பதால் உள்நாட்டுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த வடக்குப் பக்கத்திலுள்ள சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது; கொக்கிளாய் நீரேரி 1951 முதல் சரணாலயமாக இருந்துவருகிறது. மன்னார்ப் பக்கம் வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாரி காலத்தில் அங்கு பூநாரைகள் கூட்டமாக மேய்வதை வீதியில் நின்றே பார்க்கலாம். சிலாவத்துறைக்குப் போகும் வழியில் அரிப்பில் இருக்கும், ஊரார் அல்லிராணி கோட்டை என்று சொல்லும் இடிந்த மாளிகை, முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காகக் கட்டியது. கடல் அதன் அடிவாரத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பார்க்க விரும்புவோர் தாமதிக்காமல் பார்த்துவிடுவது நல்லது.

முள்ளிவாய்க்காலும் இதே கரையில்தான் இருக்கிறது. அந்தக் கரையும் கண்ணுக்கு அழகானதே. எனினும் 2009 இல் அங்கு இறந்தவர்களின் உறவுகள் ஆண்டுதோறும் வைகாசியில் விளக்கேற்றும் மணலில், மடக்குக் கதிரை விரித்து எரிவாயு அடுப்பு மூட்டுவது எவருக்கும் பொருந்தாது. வண்டியை வீதியோரம் நிறுத்தி, இறங்கி, நின்று, தலைதாழ்த்திவிட்டுப் போவதே முறை. இதைச் சட்டமாக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியிலிருந்து வருபவருக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும், சொல்லும் உரிமை அந்த ஊராருக்கே உண்டு.

தரிப்பிடப் பிரச்சினைக்கு வருகிறேன். செம்மலைக்கும் அளம்பிலுக்கும் இடைப்பட்ட ஒரு கரையில், மாலை வேளையில், வண்டியை எங்கே விடலாம் என்று கடற்றொழிலாளர் சங்கப் பொறுப்பாளரிடம் கேட்டோம். கடலுக்கு நேரெதிரே இறுகிய மணல் தட்டையாகக் கிடந்தது. வண்டி புதையாது, காற்று வரும், கண்முன்னே கடல். வரும் வண்டி எதுவும் முதலில் அந்த இடத்தைத்தான் நாடும். அவர் மணலில் நீளமாகப் பதிந்திருந்த தடங்களைக் காலால் காட்டி, "மாஸ்டர், இதிலை நிப்பாட்டாதேங்கோ. விடியப்புறம் கம்பா இழுக்கிற இடம். அங்கால சங்கக் கட்டடத்துக்குப் பின்னால விடுங்கோ, லைற்றும் இருக்கு" என்றார்.

மறுநாள் விடியலில் அதன் பொருளைக் கண்ணால் கண்டோம். கரைவலைத் தோணி வலையின் ஒரு பக்கக் கம்பாவை, அதாவது இழுகயிற்றை, கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போய், வலையை வளைத்து, மறுபக்கக் கம்பாவை நெடுந்தூரம் தள்ளிக் கரையேற்றுகிறது. பிறகு இரு பக்கமும் இழுவை தொடங்குகிறது. முன்னர் ஆட்களே வரிசையாக நின்று இழுத்ததைப் பிற்காலத்தில் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை இழுக்கத் தொடங்கியது. இழுக்க இழுக்க இரு கம்பாக்களும் மெதுவாக ஒன்றையொன்று நெருங்குகின்றன; அதாவது அந்தக் கரையின் ஒவ்வோர் அடியிலும் அன்று காலை கயிறு ஊர்ந்து செல்லும். மீன் சேரும் பைபோன்ற மடி கரையைத் தொட்டபோது அதற்குள் சூடை மீனும் காரல் மீனும் மின்னின. எங்கள் மினிபஸ் முதல்நாள் ஆசைப்பட்ட இடத்தில் நின்றிருந்தால், வலையின் உரிமையாளரான ஒரு சம்மாட்டியினதும் அவரோடு பங்கு பெறும் அத்தனை குடும்பங்களினதும் அன்றைய தொழில் போயிருக்கும். ஒவ்வொரு கரைவலைப் பாட்டுக்கும், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டுக்கும், எல்லையும் உரித்தாளரும் உண்டு. அந்த எல்லைக்குக் கல்லும் இல்லை, வேலியும் இல்லை. கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருபவருக்கு அது வெறும் மணல். தரிப்பிடத்தைச் சுற்றுலா அதிகாரிகள் வரைபடத்தில் வட்டமிட்டுத் தீர்மானிக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் இதுவே.

அடுத்தது கழிவு. இதை எழுதக் கூச்சப்படுபவர்கள் அதிகம். எழுதாமல் விட்டால் சேதம் ஊருக்கு. கரவன் வண்டியின் கழிப்பறைக்கு அடியில் இருப்பது, வெளிப்புறச் சிறு கதவைத் திறந்து கையால் இழுத்தெடுக்கும் பிளாஸ்ரிக் பெட்டி. பெரும்பாலான பெட்டிகள் 20 லீற்றர் அளவைத் தாண்டுவதில்லை. நால்வர் பயணம் செய்தால் இரண்டு நாளுக்குள் நிரம்பிவிடும். நாற்றம் வராதிருக்க அதற்குள் ஊற்றும் நீல நிறத் திரவங்கள் சிலவற்றில் கிருமிகளைக் கொல்லும் இரசாயனங்கள் உண்டு. அத்தகைய கழிவை வீட்டு மலக்குழிக்குள் அளவுக்கு மிஞ்சி ஊற்றினால், குழியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் செத்துவிடும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் வேறொரு தாங்கியில் சேரும். அதன் அடைப்பைத் திறந்துவிட்டால் போகும் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகும். நந்திக்கடல் ஓரத்தில், வாடகைக்கு எடுத்து வந்த ஒரு வண்டிக்காரர்கள் அந்தப் பிளாஸ்ரிக் பெட்டியை நீருக்குள் கவிழ்த்துக் கழுவியதை நாங்களே பார்த்தோம். கேட்டபோது, "வேறெங்கே ஊற்றுவது?" என்று திருப்பிக் கேட்டார்கள். செய்தது தவறு, ஆனால் அந்தக் கேள்விக்கு எங்களிடமும் பதில் இருக்கவில்லை. நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் என்பதோடு, இறாலுக்கும் மீனுக்கும் சுற்றியுள்ள ஊர்கள் நம்பியிருக்கும் நீரும் ஆகும்.

மணற்கரை மக்களின் குடிநீர் எவ்வாறு கிடைக்கிறது என்பதை நினைத்தால் இதன் பாரதூரம் விளங்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அந்தப் படையைத்தான் பூவல் எனும் ஆழமற்ற மணற்கிணறு தோண்டி அள்ளுகிறோம். ஆழமாகத் தோண்டினால் உவர். மேலே ஊற்றியதெல்லாம் போதிய அளவு வடிகட்டப்படாமல் நேரே அதற்குள்தான் இறங்கும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகக் கேட்கும் 50 அடித் தூரமே இத்தகைய மணலில் போதுமானதல்ல. பூநகரிப் பக்கத்துக் கரையோரக் கிராமங்கள் கோடையில் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கின்றன. அங்கே 100 லீற்றர் தாங்கியை இலவசமாக நிரப்பிக்கொள்ள ஒரு வண்டி வந்து நிற்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதைப் பயணிகள் உணர்வதில்லை.

எங்களுடன் வந்த நண்பர்களில் ஒருவர் ஸ்கொட்லாந்தில் வாழ்பவர். அந்நாட்டின் வட கரையை இன்வர்நெஸ் நகரிலிருந்து சுற்றிவரும், ஏறத்தாழ 830 கிலோமீற்றர் நீளமான நோர்த் கோஸ்ற் 500 என்ற பாதை 2015 இல் விளம்பரப்படுத்தப்பட்டபோது நடந்ததை அவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீதிகள் முன்பே இருந்தவை. புதிதாக வந்தது விளம்பரம் மட்டுமே. பல இடங்களில் ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய வீதிகளில், எதிரே வருவோருக்கு வழிவிடுவதற்கென அமைந்த ஒதுக்கங்களில் கரவன் வண்டிகள் இரவு தரிக்கத் தொடங்கின. கழிப்பறைக் கழிவை வீதியோரத்திலும் ஓடைகளிலும் கொட்டுவதாக ஊரவர்கள் முறையிட்டனர். கழிவகற்றும் வசதிகள் பின்னர்தான் ஒவ்வொன்றாக வந்தன. நியூசிலாந்து 2011 இல் இதற்கெனவே சட்டமியற்றியது. 2023 இல் அதை இறுக்கி, தன்னிறைவு வண்டி என்று சான்று பெற விரும்பும் வாகனத்தில் கழிப்பறை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று விதித்தது. அவை செல்வமும் நிர்வாக பலமும் உள்ள நாடுகள். அவையே கூட்டம் வந்த பிறகு தடுமாறின. நமக்கு இன்னும் கூட்டம் வரவில்லை என்பதே இப்போது நம்மிடமுள்ள ஒரே வசதி.

செய்ய வேண்டியது பெரிய திட்டமன்று. கம்பிவேலி அடித்த சுற்றுலா வலயம் அறவே வேண்டாம். கரையோரக் காணிகள் பல இன்னும் உரியவர் கைக்குத் திரும்பாத மாவட்டத்தில், சுற்றுலா என்ற பெயரில் மேலும் ஒரு துண்டு நிலத்துக்கு வேலி விழுவதை எவரும் பொறுக்கமாட்டார்கள். அநேகமான கரையோரக் கிராமங்களில் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு கட்டடமும் அதையொட்டி ஒரு வளவும் ஏற்கெனவே உண்டு. அந்த வளவில் நாலைந்து வண்டிகள் நிற்க இடம், பூட்டுப் போட்ட ஒரு தண்ணீர்க் குழாய், கிணறுகளுக்கு எதிர்ப்புறமாக, அடிவரை சீமெந்து பூசி மூடிய ஒரு கழிவுத் தொட்டி, நிறைந்ததும் பிரதேச சபையின் உறிஞ்சு பவுசர் வந்து எடுக்கும் ஏற்பாடு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். தொட்டி கசியக்கூடாது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உறுதிசெய்ய வேண்டும். நீலத் திரவம் ஊற்றிய கழிவை ஏற்பதா என்பதையும் அவரே சொல்லட்டும். தண்ணீரை லீற்றர் கணக்கில் விற்கலாம், இரவுக் கட்டணத்துக்குச் சங்கத்தின் பற்றுச்சீட்டு கொடுக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் காலையில் இடியப்பமும் சொதியும் தந்தால் வண்டிக்குள் அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது. எங்களுக்கும் வரவில்லை. விலைப்பட்டியலை எழுதித் தொங்கவிடுவது அவசியம். உள்ளூரவருக்கு ஒரு விலை, புலம்பெயர்ந்து வந்தவருக்கு ஒரு விலை என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால் பிறகு அடங்காது.

இத்தகைய வண்டிகள் வந்தால் குடியும் கூத்தும் கூடவே வரும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. விடுமுறை நாட்களில் முல்லைத்தீவுக் கடற்கரையில் உடைந்து கிடக்கும் போத்தல்களைப் பார்ப்பவர் எவரும் அதை மறுக்க முடியாது. ஆனால் இப்போது குடித்துக் கூத்தடிப்பவர்களைத் தடுக்க அங்கே ஊரவர் எவருக்கும் அதிகாரமில்லை. வளவு சங்கத்துடையதாக இருந்தால், இரவு பத்து மணிக்குப் பின் பாட்டு வேண்டாம் என்று சொல்லவும், சொன்னது கேளாதவரை மறுநாள் வெளியேற்றவும், வண்டி இலக்கத்தை அடுத்த ஊர்ச் சங்கத்துக்கு அறிவிக்கவும் முடியும்.

பயணிகளின் பாதுகாப்புக்கும் அந்த வளவே உகந்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையின்படி இலங்கை தன் நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028. அதுவரை, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் மட்டுமல்ல, ஊரவர் நடமாட்டம் இல்லாத எந்தப் பற்றைக்குள்ளும் வண்டியைத் திருப்பக்கூடாது. காட்டோரத்தில் நிறுத்தி வாழைப்பழமும் உப்பும் வண்டிக்குள் வைத்துக்கொண்டு படுப்பவர் யானையை விருந்துக்கு அழைக்கிறார். இருட்டிய பின் ஓடவும் வேண்டாம். தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் கறுத்த மாடுகள் கிட்டப் போகும்வரை தெரிவதில்லை. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும்போது மன்னார்த் தாம்போதியில் உயரமான வண்டிகள் பக்கவாட்டில் தள்ளாடும், வேகத்தைக் குறைத்தே கடக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை கிழக்குக் கரைப் பக்கம் இப்பயணமே வேண்டாம்.

இறுதியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். 2025 மே மாதத் தேர்தலின் பின் பிரதேச சபைகள் மீண்டும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களோடு இயங்குகின்றன. கரைதுறைப்பற்று, பூநகரி, முசலி ஆகிய மூன்று சபைகளும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் தத்தமது கரையில் ஒரேயொரு சங்க வளவுக்கு ஒரு தொட்டியும் ஒரு குழாயும் அமைக்கப் பணம் ஒதுக்கட்டும். ஒரு பருவம் நடத்திப் பார்த்து, கரைவலைக்காரர்களுக்கும் கிணறுகளுக்கும் இடையூறு இல்லையென்று கண்டால் மற்றைய ஊர்களைப் பற்றி யோசிக்கலாம். அந்த வளவுகள் எங்கே இருக்கின்றன, எங்கெல்லாம் நிறுத்தக்கூடாது என்ற அறிவித்தலை மும்மொழியிலும் எழுதி முறிகண்டியில் நாட்டினால் போதும். ஏ9 வீதியால் வரும் சாரதிகள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் அங்கே எப்படியும் இறங்குவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
முள்ளியவளை.